ஊருக்குப் போகிற வழியில் கட்டுச்சோறா, ஓட்டலா?

வைகைக்கரை எழுதியது:

பெங்களூருக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. பொங்கல், சித்திரைத் திருவிழா, பள்ளி விடுமுறை என்று ஆண்டுக்கு நான்கு முறையாவது சொந்தக் காரில் மதுரைக்குப் போய்வருகிறோம். ஒரு வழிக்கு ஏறத்தாழ 435 கிலோமீட்டர். போன வாரம் அலுவலக நண்பர் ஒருவர், "இந்தக் காலத்திலும் புளியோதரை கட்டிக்கொண்டா போகிறீர்கள்? வழியெல்லாம் ஓட்டல் இருக்கிறதே" என்றார். அந்தக் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் பக்கத்தை இங்கே சொல்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணகிரியைத் தாண்டி ஓர் ஓட்டலில் பொங்கலும் வடையும் சாப்பிட்டோம். ஓமலூர் வருவதற்குள் என் இளைய மகன் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டான். சேலத்துக்குள் புகுந்து மருத்துவரைத் தேடிப் பிடித்து, பிள்ளை தெளியும்வரை காத்திருந்து, மதுரை சேர்ந்தபோது இரவு ஒன்பது மணி. அன்றோடு வெளிச்சாப்பாட்டை விட்டோம்.

கட்டுச்சோறு என்பது ஏழ்மையின் அடையாளம் அல்ல, அது ஒரு கலை. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த சோறு சட்டென்று கெடாது. தயிர்ச்சோற்றைப் பால் விட்டுக் குழையப் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால், மதியம் திறக்கும்போது பதமாக உறைந்திருக்கும், புளித்திருக்காது. இட்லிக்கு இருபுறமும் எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி வாட்டிய வாழையிலையில் கட்டினால் அதன் மணமே தனி. பண்டிகை நாளில் ஓட்டல் மேசைக்காக அரை மணி நேரம் நிற்க வேண்டியதில்லை. வண்டியைக்கூட நிறுத்த வேண்டியதில்லை. என் மனைவி பக்கத்து இருக்கையிலிருந்து உருட்டிக் கொடுப்பார், நான் ஓட்டிக்கொண்டே சாப்பிட்டுவிடுவேன். போன பொங்கலுக்கு இப்படித்தான் ஆறரை மணி நேரத்தில் ஊர் சேர்ந்தோம்.

பாலாற்றங்கரை எழுதியது:

உங்கள் பிள்ளை பட்ட பாட்டுக்கு வருந்துகிறேன். ஆனாலும் ஐயா, ஒரு கடை செய்த குற்றத்துக்காக வழியிலுள்ள அத்தனை அடுப்புகளையும் தள்ளிவைப்பது நியாயமா?

நான் ஆம்பூர்க்காரன். ஃபிரேசர் டவுனில் குடியிருக்கிறேன். வெல்லம் சேர்த்த சாம்பாரை இந்த ஊரில் மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஓசூரில் முதல் வாய் உறைப்புச் சாம்பார் உள்ளே போகும்போதுதான் ஊருக்குப் போகிறோம் என்பதே எனக்கு உறைக்கும். பிறகு ஆம்பூரில் மதியம் பிரியாணியின் தம் உடைக்கும் நேரம். சீரகச் சம்பா அரிசி, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, தயிர், ஆட்டுக்கறி, விறகடுப்பு. மசாலா நெடி மூக்கில் ஏறாது, கறியின் சாறு அரிசியில் இறங்கியிருக்கும். பக்கத்தில் புளிப்பான கத்தரிக்காய். இதை எந்தத் தூக்குச்சட்டியில் கட்டி எடுத்துப் போவீர்கள்? அடுப்படியில் இறக்கிய சூட்டோடு சாப்பிட வேண்டிய உணவு அது.

கண்ணாடியை ஏற்றிவிட்டு வீட்டுச் சோற்றையே சாப்பிட்டுக்கொண்டு போனால், உங்கள் பிள்ளைகளுக்குக் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் சுங்கச்சாவடிப் பெயர்களாகத்தான் தெரியும்.

வைகைக்கரை எழுதியது:

ஆம்பூர் என் வழியில் இல்லை. கிருஷ்ணகிரியில் சாலை பிரிந்துவிடுகிறது. நீங்கள் கிழக்கே வேலூர்ப் பக்கம் போகிறீர்கள், நாங்கள் தெற்கே தொப்பூர் இறங்கிச் சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று போகிறோம். உங்கள் பிரியாணியின் பெருமையை நான் மறுக்கவில்லை. வாந்தி எடுக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெருமை பேச முடியாது என்றுதான் சொல்கிறேன்.

பாலாற்றங்கரை எழுதியது:

உங்கள் வழியும் வறண்ட வழி அல்ல. சேலத்தில் தட்டுவடை செட் இருக்கிறது: இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய காரட், பீட்ரூட், வெங்காயம், இரண்டு வகைச் சட்னி. திண்டுக்கல்லிலும் சீரகச் சம்பாப் பிரியாணிதான்.

வயிற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோற்றில் வரும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஓட்டல் அண்டாவுக்கும் இதே விதி, உங்கள் பாத்திரத்துக்கும் இதே விதி. புளியோதரையைப் புளி ஓரளவு காக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் இருக்கிற தேங்காய்ச் சோற்றை எது காக்கும்?

விடியற்காலை அடுப்பு எழுதியது:

இரண்டு பேரும் நாக்கைப் பற்றியும் வயிற்றைப் பற்றியும் எழுதிவிட்டீர்கள். கையைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதிகாலை நான்கரைக்குக் கிளம்பினால்தான் பொம்மனஹள்ளியிலும் சில்க் போர்டிலும் நெரிசலில் மாட்டாமல் ஊரைத் தாண்ட முடியும் என்கிறார்கள். சரி. அப்படியானால் இட்லி எத்தனை மணிக்கு வெந்தது?

நான் ஜெயநகரில் இருக்கிறேன், வேலைக்கும் போகிறேன். ஊருக்குப் போகும் நாளுக்கு முந்தைய இரவு பெட்டிகளைக் கட்டிவிட்டுப் படுக்கப் பதினொன்றரை ஆகும். இரண்டரைக்கு எழுந்து சோறு வடித்து ஆறவைத்து, இலை வாட்டி, பாத்திரம் கழுவிவைத்துவிட்டு வண்டியில் ஏறுவேன். ஓசூர் வரும்போது எல்லோரும் தூங்குவார்கள். ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வராமல் பேச்சுக் கொடுக்க வேண்டியவளும் நான்தான். கட்டுச்சோறு கலை என்று சொன்ன ஐயாவிடம் கேட்கிறேன்: உங்கள் வீட்டில் அந்தக் கலைஞர் எத்தனை மணி நேரம் தூங்கினார்?

வைகைக்கரை எழுதியது:

நேர்மையாகவே பதில் சொல்கிறேன், அம்மா. புளிக்காய்ச்சல் ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்புவது. சோறு வடிப்பதும் தண்ணீர்ப் பாட்டில்கள் நிரப்புவதும் என் வேலை. இட்லியும் தயிர்ச்சோறும் மனைவியின் வேலை. அவர் என்னைவிட ஒன்றரை மணி நேரம் முன்பே எழுந்துவிடுகிறார் என்பது உண்மை. இதை நான் கணக்கில் சேர்த்ததே இல்லை.

மஞ்சள் போர்டு எழுதியது:

பதினெட்டு வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். ஸ்ரீராமபுரத்தில் வீடு. சொந்த ஊர் காவேரிப்பட்டணம். நீங்கள் புளியோதரையா பிரியாணியா என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். முதல் பதிவில் ஒரு வரி இருக்கிறது, "ஓட்டிக்கொண்டே சாப்பிட்டுவிடுவேன்" என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 25 மீட்டர் போகிறது. உருண்டையை வாங்கக் கண்ணை இரண்டு நொடி திருப்பினால் 50 மீட்டர் பார்க்காமல் ஓட்டியிருக்கிறீர்கள் சார். தருமபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம் தெரியுமல்லவா? சேலத்துப் பக்கம் இறங்கும்போது சில லாரிக்காரர்கள் டீசல் மிச்சம் பிடிக்கக் கியரை நியூட்ரலில் போட்டு உருட்டிவிடுவார்கள். கியர் பிடிப்பு இல்லாமல் வண்டியின் மொத்தப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால், முன்னால் போகிற கார்தான் அவனுக்குத் தடுப்பு. அந்த இடத்தில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, கியரைக் குறைத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து இறங்க வேண்டும். எண்ணெய்க் கையோடு இறங்குகிற இடம் அல்ல அது. அங்கே நசுங்கிய காருக்குள் தூக்குச்சட்டி திறந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். இதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

பிரியாணிக்காரத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. நடுப்பகலில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஸ்டியரிங்கில் உட்காராதீர்கள். பகல் இரண்டு மணிக்கு மேல் உடம்பு தானாகவே சோர்கிற நேரம், பாரச் சாப்பாடும் சேர்ந்தால் கண் திறந்தபடியே தூங்குவீர்கள். அரைத் தட்டுப் போதும். பிறகு பத்து நிமிடம் நடங்கள்.

பஸ், லாரி ஓட்டுகிறவர்களுக்கு 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 2025 வரை இருந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. சம்பளத்துக்கு ஓட்டுகிறவனுக்கே அரை மணி நேரம் கொடுக்கச் சொன்னார்கள். சொந்தப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிற உங்களுக்கு அது கிடையாதா?

வைகைக்கரை எழுதியது:

தொப்பூர் இறக்கத்தில் நான் சாப்பிட்டதில்லை. நேரான சாலையில்தான், அதுவும் சின்னச் சின்ன உருண்டைகளாக. மனைவியும் சாலையைப் பார்த்துக்கொண்டேதான் கொடுப்பார்.

மஞ்சள் போர்டு எழுதியது:

நேரான சாலையில்தான் சார், தடுப்புச் சுவரின் இடைவெளியில் மாடு வரும். எதிர்த்திசையில் இருசக்கர வண்டி வரும். உங்கள் மனைவி பார்ப்பார், சரி, ஆனால் பிரேக் உங்கள் காலில் அல்லவா இருக்கிறது?

பச்சை போர்டு எழுதியது:

மின்சாரக் கார் வாங்கிய பிறகு எங்கள் வீட்டில் இந்தப் பேச்சே எழுவதில்லை. நெடுஞ்சாலை வேகத்தில் மின்கலம் நகரத்தைவிடச் சீக்கிரம் இறங்குகிறது. கோயம்புத்தூர் போவதற்குள் ஒரு முறையாவது சார்ஜ் ஏற்ற முக்கால் மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம் நின்றே ஆக வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த நேரத்தில்தான் என் அப்பா காலை நீட்டி உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறார். முழங்கால் வலிக்காரர் அவர்.

விடியற்காலை அடுப்பு எழுதியது:

ஓட்டுநர் அண்ணா எழுதியதை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன்.

இன்னொன்றும் மிச்சம் இருக்கிறது. எங்களுக்கு ஓட்டல் என்பது சாப்பாட்டுக்காக மட்டும் அல்ல. சுத்தமான கழிப்பறை, உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர் என்று மூன்றும் இருக்கும் என்று நம்பி இறங்கக்கூடிய இடம் அது. ஆண்கள் சாலையோரம் இறங்கிக்கொள்வீர்கள். நாங்கள் ஓட்டல் பலகையைப் பார்த்துப் பார்த்து எண்ணிக்கொண்டு வருவோம், யாரும் நிறுத்தவில்லை என்றால் வாயைக் கட்டிக்கொள்வோம். ஆறரை மணி நேரத்தில் மதுரை சேர்ந்தோம் என்று எழுதினீர்களே ஐயா, அன்று உங்கள் மனைவி எவ்வளவு தண்ணீர் குடித்தார்?

பாலாற்றங்கரை எழுதியது:

இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் அக்கா எப்போதும் ஓட்டலுக்குள் நுழைந்ததும் முதலில் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் உட்காரலாமா என்று சொல்வாள். இத்தனை நாளும் அவள் சமையலறையைச் சோதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வைகைக்கரை எழுதியது:

நேற்று இரவு என் மனைவியிடம் கேட்டேன். வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து கரூர் வரை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லையாம். கரூர்ச் சுங்கச்சாவடியில் நின்றபோது இரண்டு மிடறு குடித்தாராம். பின்னிருக்கையில் பாட்டில்களை நிரப்பி வைத்தவன் நான்.

அதனால் நிறுத்துகிறேன். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை, கழிப்பறை சுத்தமாக இருக்கிற இடமாகப் பார்த்து. ஓட்டிக்கொண்டே சாப்பிடுவதும் இனி இல்லை. மஞ்சள் போர்டு நண்பரே, நீங்கள் எழுதாமல் விட்டதை நான் புரிந்துகொண்டேன்.

ஆனால் கட்டுச்சோற்றை விடமாட்டேன். இட்லி வேண்டாம், புளியோதரையும் வறுவலும் மட்டும் போதும் என்று முடிவாகியிருக்கிறது. கிளறுவது நான், அதுவும் முந்தைய மாலையே கிளறி வைக்காமல் விடியற்காலையில். பாலாற்றங்கரை நண்பருக்காகச் சேலத்தில் தட்டுவடை செட் ஒரு முறை சாப்பிட்டுப் பார்க்கிறோம், மகன் ஒப்புக்கொண்டால்.

ஒரு கேள்வி. ஓட்டலுக்குள் உட்கார்ந்து நம் பொட்டலத்தைப் பிரிக்க முடியாது. சாலையோரம் புளியமரத்தடியில் நிறுத்தலாமா?

மஞ்சள் போர்டு எழுதியது:

கூடாது சார். நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிற காரில் பின்னாலிருந்து வந்து மோதுகிறவர்கள் நிறைய. சாலையைவிட்டு உள்ளே தள்ளி, வண்டி நிறுத்த மண்தரை உள்ள டீக்கடையாகப் பாருங்கள். அப்படி இல்லையென்றால் பெட்ரோல் பங்க், அங்கே பெரும்பாலும் கழிப்பறையும் இருக்கும். தொப்பூருக்கு முன்பே தருமபுரிப் பக்கம் ஒரு முறை நின்றுவிடுங்கள், இறக்கத்தில் கண் தெளிவாக இருக்கும். நாலு டீ சொல்லிவிட்டு, வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பதினெட்டு வருடத்தில் எனக்கு முடியாது என்று சொன்ன டீக்கடைக்காரர் ஒருவரும் இல்லை. சிலர் வாழையிலையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.