பொலன்னறுவைச் சிவன் கோயிலும் குரங்குகளும்: போய்வந்தவர்களின் அனுபவங்கள்

உப்புவெளி மகள்

அடுத்த போயா (பௌர்ணமி) விடுமுறைக்குத் தங்கையின் பிள்ளைகளைப் பொலன்னறுவைக்குக் கூட்டிச் செல்வதென்று வீட்டில் முடிவாகி, வாடகை வானும் பேசியாகிவிட்டது. எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. சென்ற முறை நடந்ததை இங்கே எழுதிவிட்டால் ஒருவேளை தெளியும்.

அம்மா உயிரோடு இருந்த காலத்தில் ஐந்து பேராகப் போயிருந்தோம். இரண்டாம் சிவாலயத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சோழர் கட்டிய அந்தக் கற்றளியில் கர்ப்பூரம் கொளுத்த வேண்டும் என்பதற்காகவே அம்மா வந்தார். லிங்கத்தின் முன்னே குனிந்தவர் நிமிர்வதற்குள், வாசற்படியில் வைத்திருந்த துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஒரு செங்குரங்கு விமானத்தின் மேல் ஏறிவிட்டது. பையில் பழமும் இல்லை, பணமும் இல்லை. அம்மாவின் கிளினிக் கொப்பி இருந்தது. வழியில் தலைசுற்று வந்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் காட்டலாம் என்று அதைக் கொண்டுவரச் சொன்னது நான்தான்.

குரங்கு கொப்பியை முகர்ந்தது, மட்டையைக் கடித்துப் பார்த்தது, பிறகு ஒவ்வொரு ஒற்றையாகக் கிழித்துக் கீழே விடத் தொடங்கியது. பதினொரு வருடத்து இரத்த அழுத்தமும் சீனியும் மாத்திரைப் பெயர்களும் கருங்கல் தரையில் வந்து விழுந்தன. அம்மா பொறுக்க முயலவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி, "பாக்கட்டும், அதுவும் பாக்கட்டும், எத்தினை வருசம் நான் லைனில நிண்டனான் எண்டு" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து அடுக்கிப் பார்த்தபோது ஓர் ஒற்றை குறைந்தது. அடுத்த கிளினிக் திகதி அதில்தான் இருந்தது. ஞாபகத்திலிருந்து ஒரு திகதியைக் குறித்துக்கொண்டு போனோம். அது ஒரு கிழமை பிந்திவிட்டது. அந்த ஒரு கிழமையில் அம்மாவுக்கு எதுவும் நேரவில்லை. ஆனாலும் அந்தக் கோயிலின் பெயரைக் கேட்டால் எனக்கு அந்த ஒற்றைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

பிள்ளைகளுக்கு ஆறும் ஒன்பதும் வயது. உங்களுக்கு நேர்ந்தவற்றை எழுதினால் உதவியாக இருக்கும்.

தம்பலகாமம் வான்காரன்

தங்கச்சி, கோயிலுக்குள் நடப்பது பெரிய காரியமில்லை. எனக்கு மறக்காமல் இருப்பது வீதியில் நடந்தது.

ஹபரணையைத் தாண்டி மின்னேரியாப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். யானை பார்க்க வேண்டும் என்று பயணிகள் கேட்டதால் மெதுவாக ஓட்டினேன். வீதியோரத்தில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்ததைக் கண்டு பின் ஆசனத்தில் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கி பிஸ்கற்றை எறிந்தார்கள். ஒரு துண்டு வீதியின் நடுவே விழுந்தது. அதை எடுக்க ஒரு குட்டி ஓடிவந்த அதே வேளையில் எங்களுக்குப் பின்னால் வந்த லொறி எங்களை முந்தியது. பக்கக் கண்ணாடியில் நான் பார்த்தது இதுதான்: தாய்க் குரங்கு வந்து குட்டியைத் தூக்கியது, மார்போடு அணைத்தது, கை விட்டதும் குட்டி தொங்கியது, மறுபடியும் அணைத்தது. பயணிகளில் ஒருவரும் அதைக் காணவில்லை. அவர்கள் அடுத்த பைக்கற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சொல்லவில்லை. பிள்ளைகள் இருந்த வாகனம் அது.

மாலையில் திரும்பி வரும்போதும் அந்தத் தாய் அதே இடத்தில் குட்டியை வைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்தத் துண்டு வீதியில் என் வானின் கண்ணாடிகள் திறப்பதில்லை. வெக்கை என்று முறைப்பாடு சொல்பவர்களுக்கு நான் காரணம் சொல்வதும் இல்லை.

சாம்பல்தீவு அன்னம்

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். நான் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் வாழைப்பழம் கொடுத்திருக்கிறேன். ஆஞ்சநேயரின் இனம் வாசலில் வந்து நிற்கும்போது வெறுங்கையோடு போவது எனக்கு முடியாத காரியம். ஒரு முறை வயதான குரங்கு ஒன்று பழத்தை வாங்குவதற்கு முன் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் அப்படியே இருந்தது. அந்தக் கை, குளித்துவிட்டு வந்த குழந்தையின் கையைப்போலக் குளிர்ந்திருந்தது. அதற்குக் கடைவாய்ப் பல் ஒன்றும் இல்லை. பசியோடு வந்த உயிருக்கு ஒரு பழம் கொடுப்பது பாவம் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்

அன்னம் அம்மா கேட்ட கேள்விக்குச் சாஸ்திரத்தில் பதில் இல்லாமல் இருக்கலாம். பொலன்னறுவையிலேயே பதில் இருக்கிறது.

முதலில் நான் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். வட்டதாகே என்ற வட்டவடிவப் பௌத்தக் கட்டடத்தின் அருகே ஒரு பையன் எறிந்த பழத்தை மெலிந்த பெண் குரங்கு ஒன்று எடுத்துக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டது. இன்னொரு பெண் குரங்கு, கொழுத்தது, அவசரமில்லாமல் நடந்துவந்து, மெலிந்ததன் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரல் விட்டு, அந்தப் பழத்தைத் தோண்டி எடுத்துத் தின்றது. மெலிந்தது எதிர்க்கவில்லை, வாயைத் திறந்தபடி கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. ரேஷன் கடை வரிசையில் அப்படிப்பட்ட கண்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கண்டது தற்செயலான காட்சி அல்ல. அங்குள்ள செங்குரங்குகளை வொல்ப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் 1968 முதல் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துப் பதிவு செய்து வந்திருக்கிறார். உலகிலேயே நீண்ட காலம் நடந்த குரங்கு ஆய்வுகளில் அதுவும் ஒன்று. இந்த இனம் இலங்கைக்கு மட்டுமே உரியது. கூட்டத்தில் ஒரு பெண் குரங்கின் இடம் அதன் தாயின் இடத்தைப் பொறுத்தது. மேல்நிலையில் உள்ளவை பழுத்த மரத்தின் நல்ல கிளையில் இருந்து தின்னும்போது, கீழ்நிலையில் உள்ளவை நிலத்தில் விழுந்ததைத் தேடும், வறட்சி வந்தால் முதலில் சாவதும் அவைதான். ஆகவே நீங்கள் கொடுக்கும் பழம் பசித்த வயிற்றுக்குப் போகிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. உங்கள் சுண்டுவிரலைப் பிடித்த கிழட்டுக் குரங்கு அதைத் தின்று முடித்ததா என்று நின்று பார்த்தீர்களா? கோபிக்க வேண்டாம், உண்மையாகவே கேட்கிறேன்.

உப்புவெளி மகளுக்கும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் குரங்கு என்று சொல்லிவிடாதீர்கள். தலையில் வட்டமாக மயிர் பிரிந்து, தொப்பி வைத்ததுபோல இருப்பது செங்குரங்கு, சிங்களத்தில் ரிளவா. கறுத்த முகமும் நீண்ட வாலும் சாம்பல் உடலுமாக மரத்தில் இருந்து இலை தின்பது மந்தி; சிங்களத்தில் வந்துரா. பை பறிப்பது பெரும்பாலும் முதலாவது. அதை நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பது சண்டைக்கு அழைப்பதற்குச் சமம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அது வாயைத் திறந்து முறைத்தால் அதற்கும் அதே பொருள்தான். ஓடாமல், முதுகு காட்டாமல், பக்கவாட்டில் விலக வேண்டும். பொலித்தீன் பையின் சத்தம் அவற்றுக்குப் பள்ளிக்கூட மணி மாதிரி. ஆகவே சோற்றுப் பொதிகளை வானிலேயே வைத்துவிட்டு, இடிபாடுகளைப் பார்த்து முடித்து அந்த இடத்தை விட்டு வெளியேறிய பிறகு சாப்பிடுங்கள். போயா நாளையும் மாற்றுங்கள். அன்று பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள் உள்ள கல் விகாரையில் வழிபட வருகிறவர்களின் கூட்டம் நிறைந்திருக்கும். கல் விகாரையிலும் வட்டதாகேயிலும் செருப்பைக் கழற்ற வேண்டும், நண்பகலில் அந்தக் கல் அடுப்புத் தட்டுப்போலச் சுடும், ஆகவே ஆறு வயதுப் பிள்ளைக்குக் காலுறை கொண்டுபோங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது என்பதையும் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நிலாவெளித் தம்பி

ஆசிரியர் ஐயா கடி பற்றி எழுதவில்லை. எனக்கு ஒன்பது வயதில் முழங்காலுக்குக் கீழே கடித்தது. நான் எதையும் கொடுக்கவும் இல்லை, பறிக்கவும் இல்லை. குட்டி ஒன்றைப் பார்த்துச் சிரித்தேன். பற்கள் தெரியச் சிரித்ததுதான் குற்றம் என்று பின்னர் ஒருவர் சொன்னார். அப்பா தண்ணீர்ப் போத்தலால் கழுவிவிட்டுத் தேங்காயெண்ணெய் பூசினார். அதுதான் எங்கள் வீட்டுப் பிழை. காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்றும், சிறிய கீறலாக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றும் வைத்தியர் அப்பாவை என் முன்னாலேயே ஏசினார். விசர்நோய்த் தடுப்பூசி அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். ஊசி எத்தனை போட்டார்கள் என்பது மறந்துவிட்டது. அப்பா தலைகுனிந்து நின்றது மறக்கவில்லை.

கந்தளாய்க் குளக்கட்டு

எனக்குக் குரங்கு அனுபவம் சிறியது: என் மூக்குக்கண்ணாடியை ஒன்று எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, பிடிக்காததுபோலத் திருப்பி எறிந்தது. சொல்ல வந்தது வேறு. ஆறு வயதுப் பிள்ளையை ஏன் இவ்வளவு தூரம் இழுக்கிறீர்கள்? திருகோணமலையிலிருந்து ஹபரணை வழியாகப் பொலன்னறுவை ஏறத்தாழ 130 கிலோமீற்றர்; போக மூன்று மணித்தியாலம், வர மூன்று மணித்தியாலம். ரயிலில் போகலாம் என்றால் கல்லோயாச் சந்தியில் இறங்கி மட்டக்களப்பு ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும், அதற்கும் பிள்ளைகளுக்கும் ஒத்துவராது. திருகோணமலைக்கு அருகே பெரியகுளத்துப் பக்கம் இருக்கும் வெல்கம் விகாரைக்கு ஏன் போகக் கூடாது? ஊரவர்கள் நாதனார் கோயில் என்று சொன்ன இடம்தான். சோழர் காலத்தில் அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் இருந்தது; தமிழர் பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுவும் கொடுத்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே கிடைத்திருக்கின்றன. பொலன்னறுவையில் சோழர் கோயிலைக் காட்டப் போகிறவர்கள், வீட்டு வாசலில் கிடக்கும் அதே காலத்துக் கல்லைக் காட்டாமல் போவது எனக்கு என்றும் விளங்காத சங்கதி. காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். அங்கேயும் மரங்களில் மந்திகளைக் கண்டிருக்கிறேன். பை பறிக்கும் அளவுக்கு எவரும் இன்னும் அவற்றைப் பழக்கவில்லை.

சாம்பல்தீவு அன்னம்

ஆசிரியர் ஐயாவுக்கு: நின்று பார்க்கவில்லை. பழத்தைக் கொடுத்ததும் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். கேள்வியைக் கேட்டதிலிருந்து அது தொண்டையில் முள்ளாக இருக்கிறது. இருந்தாலும் அந்தக் கை குளிர்ந்திருந்தது என்பது பொய்யாகிவிடாது.

உப்புவெளி மகள்

போயாவை மாற்றிவிட்டோம், சாதாரண வியாழக்கிழமை போகிறோம். கந்தளாய் அண்ணா சொன்ன இடத்துக்குப் பிள்ளைகளின் பாட்டாவை அழைத்துக்கொண்டு வேறொரு நாளில் போவோம். பொலன்னறுவையைக் கைவிட மனமில்லை. பிஸ்கற் கொண்டுபோகவில்லை. வான்காரர் அண்ணா எழுதியதைத் தங்கைக்கு மட்டும் வாசித்துக் காட்டினேன்.

அம்மாவின் கொப்பியை நேற்று அலுமாரியிலிருந்து எடுத்தேன். நூல் விட்டுப்போன ஒற்றைகளை அம்மாவே கோதுமை மாப் பசையால் ஒட்டி வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. மட்டையில் நான்கு பல் அடையாளங்கள் ஆழமாக இருக்கின்றன. மூத்தவன் அவற்றில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் குரங்கு இன்னும் அங்கே இருக்குமா, கண்டால் அதுதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஆசிரியர் ஐயா, ஒரு செங்குரங்கு எத்தனை வருடம் வாழும்?