பொண்ணுக்கு எதுக்கு மெக்கானிக்கல்? உங்க டிகிரியை யாரு முடிவு பண்ணாங்க, சொல்லுங்க

2014ல அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சலிங். அப்பல்லாம் ஆன்லைன் கிடையாது, கிண்டிக்கு நேர்லதான் போகணும். 200க்கு 191.5 கட் ஆஃப். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து மெக்கானிக்கல்னு சொன்னதும் அங்க இருந்த ஸ்டாஃப் என்னை விட்டுட்டு அப்பாவைப் பாத்து "சார், ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) சீட் இருக்கு"ங்கறாரு. வீட்டு டிவிஎஸ் 50 கார்புரேட்டரை கழட்டி பெட்ரோல்ல கழுவி மாட்டுறது எட்டாவதுலேர்ந்து என் வேலை, அதைப் பாத்து "இவ எனக்கு பையன் மாதிரி"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு திரிஞ்ச மனுஷன் அன்னிக்கு வாயே தொறக்கல. நானே மெக் போட சொல்லிட்டேன்.

கிளாஸ்ல 61 பேர், பொண்ணுங்க 4. ஒர்க்‌ஷாப்ல அரம் புடிச்சு ராவி ராவி கை கொப்புளிச்சது எல்லாருக்கும்தான், ஆனா "முடியலைன்னா பசங்ககிட்ட குடும்மா"ங்கறது எங்களுக்கு மட்டும். ஃபைனல் இயர்ல மெக்கானிக்கல் வேலைக்கே ஆள் எடுக்கற ஒரு கோர் கம்பெனி வந்துச்சு, நோட்டீஸ்லயே "மேல் கேண்டிடேட்ஸ் ஒன்லி". இப்ப ஐடில டெஸ்டிங் பாக்கறேன். இத்தனைக்கும் அதே கிண்டில இருக்கற இன்ஜினியரிங் காலேஜ்ல லலிதான்னு ஒரு அம்மா 1940லயே எலக்ட்ரிக்கல் சேந்திருக்காங்க, சர்டிபிகேட்ல அச்சடிச்சிருந்த "ஹீ"யை அடிச்சுட்டு "ஷீ"ன்னு கையால எழுதி குடுத்தாங்களாம்!

---

நமக்கு உல்டா கதை சகோ. பிஎஸ்சி நர்சிங். பாட்டிக்கு பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் நான்தான் பாத்துக்கிட்டேன், அதுல புடிச்சுப் போச்சு. மாமா மட்டும் "ஏன்டா, பொம்பளைங்க படிப்பு"ன்னு இன்னும் விடல. வார்டுக்கு வந்து பாக்கணும் அவரு, டியூப் மாத்தணும்னா ஆம்பள பேஷண்ட் அத்தனை பேரும் "சிஸ்டர் வேணாம், பிரதரை கூப்பிடுங்க"ம்பாங்க.

---

எங்க வீட்ல நானும் அண்ணனும் ஒரே மாதிரி, நாலு பேர் முன்னாடி பேச சொன்னா நாக்கு ஒட்டிக்கும். அண்ணனுக்கு பிஎஸ்சி மேத்ஸ் முடிச்சு பிஎட் பண்ணணும்னு ஆசை. "அமுக்குணி, நீ என்னடா பாடம் எடுப்ப, நாலு இடம் போய் வந்தாத்தான் கூச்சம் போகும்"னு சிவில்ல தள்ளிட்டாங்க. எனக்கு ஐடி ஆசை. "அமைதியான பொண்ணு, டீச்சர் வேலைதான் உனக்கு பாந்தமா இருக்கும்"னுட்டாங்க. சைட்ல மேஸ்திரியை அதட்டத் தெரியாம அண்ணன் எட்டே மாசத்துல ஓடி வந்துட்டான். நான் இன்னும் தினம் 45 வாலுங்க முன்னாடி சாக்பீஸோட நின்னுட்டு இருக்கேன், மொத பீரியட்னா இன்னிக்கும் கை நடுங்குது.