மாநாட்டு அரங்கில் அமர்ந்தபடியே நேரலையாகப் பதிவிடலாமா?

மதுரை நிரலாளர் (கேள்வி)

வணக்கம். அடுத்த மாதம் பெங்களூருவில் நடக்கும் மென்பொருள் உருவாக்குநர் மாநாடு ஒன்றுக்கு முதன்முறையாகச் செல்கிறேன். நுழைவுச்சீட்டு கிடைக்காத அலுவலக நண்பர்கள் நால்வர், ஒவ்வோர் உரையையும் உடனுக்குடன் எக்ஸ் தளத்தில் எழுதும்படி கேட்கிறார்கள். சென்ற ஆண்டு ஒருநாள் கூட்டமொன்றில் அப்படிச் செய்து, மாலையில் என் பதிவுகளைப் படித்தபோதுதான், பேச்சாளர் திரையில் நிரலை இயக்கிக் காட்டியதில் பாதியை நான் பார்க்கவே இல்லை என்பது புரிந்தது. நண்பர்களுக்கும் உதவ வேண்டும், நானும் கற்க வேண்டும். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

பழைய வாசகர்

2007 மார்ச்சில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த சவுத் பை சவுத்வெஸ்ட் என்ற இசை, திரைப்பட, தொழில்நுட்ப விழாவில், ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) நிறுவனம் நடைவழிகளில் பெரிய திரைகளை நிறுத்தி, வந்தவர்கள் எழுதுவதையெல்லாம் அதில் ஓடவிட்டது. நாளொன்றுக்கு 20,000 அளவில் இருந்த பதிவுகள் அப்போது 60,000 வரை உயர்ந்தன. (ஹேஷ்டேக் என்ற யோசனையே அவ்வாண்டு ஆகஸ்டில்தான் வந்தது.) மறு ஆண்டு அதே விழாவில் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க்கின் மேடை நேர்காணல் நடந்தபோது, கேள்விகள் கேட்கப்பட்ட விதம் பிடிக்காதவர்கள் ட்விட்டரில் எழுதத் தொடங்கி, அதிருப்தி அரங்கிலேயே வெளிப்படையாக வெடித்தது. முன்பெல்லாம் ஒரு வரிசைக்குள் அடங்கிவிடும் முணுமுணுப்பு, இப்போது அரங்கு முழுவதையும் சில நிமிடங்களில் எட்டிவிடுகிறது.

மேடையேறியவள்

பேசுபவரின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஒரு நிரல் நூலகத்தின் (பலரும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) குறிப்பிட்ட பதிப்பில் நினைவகக் கசிவு, அதாவது பயன்படுத்திய கணினி நினைவகத்தை விடுவிக்காத பிழை, இருப்பதை விளக்கி, அடுத்த பதிப்பில் அது சரிசெய்யப்பட்டுவிட்டது என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "இந்த நூலகத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறார்" என்று முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுதிவிட்டார். நான் மேடையை விட்டு இறங்குவதற்கு முன்பே, அந்த நூலகத்தைப் பராமரிப்பவர் வேறொரு நாட்டிலிருந்து வருத்தத்துடன் பதில் எழுதியிருந்தார். அதே நாளில், அரங்கில் இல்லாத ஒருவர் என் அளவீட்டில் இருந்த பிழையைச் சுட்டிக்காட்டி எழுதினார். அதற்கு இன்றும் நன்றியுடையவளாக இருக்கிறேன். ஆகவே எழுதவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கேள்வி நேரம் முடியும்வரை மட்டும் பொறுத்திருங்கள், நிமிர்ந்த முகங்களைப் பார்த்தால்தான் எந்த இடத்தில் மீண்டும் விளக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

கோவை தன்னார்வலர்

படங்களில் இன்னும் கவனம் தேவை. 2013இல் கலிபோர்னியாவின் சாந்தா கிளாராவில் நடந்த பைகான் என்ற பைத்தான் நிரல்மொழி மாநாட்டில், பின்வரிசையில் இருவர் பேசிய நகைச்சுவையை ஏற்காத ஒருவர் அவர்களின் படத்தை ட்விட்டரில் இட்டார். அந்த இருவரில் ஒருவருக்கும், பின்னர் படமிட்டவருக்கும் வேலை போயிற்று. படமெடுப்பதை விரும்பாதவர்களுக்குத் தனி நிறக் கழுத்துப்பட்டை கொடுக்கும் மாநாடுகள் உண்டு. பதிவு மேசையிலேயே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேலும், பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற திறமூல மென்பொருள் மாநாடு போன்றவை உரைகளை நேரலையாகவே ஒளிபரப்புகின்றன. உங்கள் மாநாட்டிலும் அந்த வசதி இருந்தால், தேநீர் வரிசையில் கேட்பதைப் பேசியவரின் ஒப்புதலோடு எழுதுவதுதான் நண்பர்களுக்குக் கூடுதல் பயன்.

மதுரை நிரலாளர்

அனைவருக்கும் நன்றி. ஒவ்வோர் இடைவேளையிலும் ஒருமுறை மட்டும் எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லிவிட்டேன். அவர்களில் ஒருவர், பதிவுகூட வேண்டாம், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் பற்றிய உரையின் முடிவில் தன் கேள்வியை ஒலிவாங்கியில் கேட்டால் போதும் என்று அதை எழுதியே அனுப்பிவிட்டார்.