அண்ணன் மகன் விஷயம்: சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அண்ணன் மகனுக்கு 17 வயது. போன சனிக்கிழமை நண்பன் வீட்டு விருந்தில் பீர் குடித்திருக்கிறான். அக்கம்பக்கத்தார் புகார் சொல்ல, போலீஸ் வந்து எல்லோரையும் ஊதச் சொல்லி, பெற்றோரோடு வரும்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டது. நல்லவேளை, வண்டியைத் தொடவில்லை.

"சின்னப் பையன்தானே, திட்டி அனுப்பிடுவாங்க" என்கிறார் அண்ணன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேடினால் அமெரிக்காவின் 21 வயதுக் கணக்கே வந்து நிற்கிறது. அங்கே பல மாநிலங்களில் வண்டி ஓட்டாவிட்டாலும் ஓட்டுநர் உரிமத்தை நிறுத்திவைப்பார்கள். இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியவில்லை.

அபராதம், கவுன்சலிங் என்று முடிந்தால் சரி. இந்தப் பதிவு பின்னாளில் கல்லூரிக்கோ விசாவுக்கோ குறுக்கே வருமா? வக்கீல் இல்லாமல் போகலாமா?

இன்னொரு சிக்கல். பீர் வாங்கிக் கொடுத்தவன் நண்பனின் அண்ணன், வயது 24. சிறுவர்களுக்கு மது வாங்கிக் கொடுப்பது தனிக் குற்றம், அதற்குத் தண்டனையும் பெரிது. அதனால், "நானே வாங்கினேன்னு சொல்லிடு" என்று இவனை நெருக்குகிறார்கள். பையன் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான், மடையன்! விசாரணையில் பொய் சொன்னால் அது வேறு வழக்காகாதா?

செவ்வாய்க்கிழமை போக வேண்டும். அனுபவப்பட்டவர்கள் தனிச்செய்தியில் சொன்னாலும் போதும்.