12 வருட மென்பொருள் வேலையை விடுதல்: காசும் கையளிப்பும்

கேள்வி: திருகோணமலையிலிருந்து கொழும்பு நிறுவனத்துக்கு வேலை செய்து, 12 வருடத்துக்குப் பிறகு விலகுகிறேன். பணிக்கொடை (கிராஜுவிட்டி), இபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) எப்படி வரும்? எதையெல்லாம் ஒப்படைக்கவேணும்?

பதில் 1: தம்பி, நீங்களாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 15 பேருக்குக் குறையாத நிறுவனம், 5 வருட சேவை இருக்கவேணும். ஒவ்வொரு முழு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். சம்பளம் 2 இலட்சம் என்றால் 12 இலட்சம். ஊக்கத்தொகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் பலர் ஏமாறுகினம். 30 நாளுக்குள் தரவேணும். தராவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கோ.

பதில் 2: இபிஎஃப்பை வேலை விட்டதற்காக மட்டும் எடுக்கேலாது, ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50. ஈடிஎஃப்பை விலகியதும் கேட்கலாம், ஆனால் 5 வருடத்துக்கு ஒருமுறைதான். அவசரம் இல்லாட்டி விட்டுவையுங்கோ.

பதில் 3: காசை விட கையளிப்புத்தான் தலையிடி. நீண்டகாலம் இருந்தவரின் பெயரில்தான் எல்லாம் ஓடும்: டொமைன் (இணையதள முகவரி) புதுப்பிப்பு, கிளவுட் ரூட் கணக்கு (முழு அதிகாரமுள்ள தலைமைக் கணக்கு), அவரின் போனுக்கு வரும் ஓடிபி, அவரின் டோக்கனில் (கடவுச்சொல் போன்ற அனுமதிச் சாவி) இயங்கும் டிப்ளாய்மென்ட் (மென்பொருளைச் சேவருக்கு ஏற்றும் வேலை). அவரின் கணக்கை மூடின அன்றைக்கே பில்ட் (நிரலை மென்பொருளாக்கும் வேலை) நின்றுபோகும். அதனால் கடைசி நாளுக்கு 2 கிழமைக்கு முதலே டோக்கன்களைச் சேவைக் கணக்குக்கு (ஆளின் பெயரில் இல்லாத, நிறுவனத்தின் கணக்கு) மாற்றி, உங்கள் அனுமதியை எடுத்துவிட்டு ஒரு ரிலீஸ் (புதுப் பதிப்பு வெளியீடு) செய்யச் சொல்லி மற்றவர்களிடம் கேளுங்கோ. எது உடையுதோ அதுதான் எழுதிவைக்காத விசயம். சேவைக் கடிதத்தையும் அதற்கிடையில் கேட்டு வாங்குங்கோ.