புதுசா வந்த லெப்பர்ட் கெக்கோ ஒண்டும் சாப்பிடுதில்லை: சூடு பிழையோ, வருத்தமோ?

கோண்டாவிலான்

வணக்கம். கொழும்பிலயிருந்து இரவு பஸ்ஸில வந்த லெப்பர்ட் கெக்கோ, வீட்டில வளக்கிற ஒரு பல்லியினம். இரண்டாவது கிழமையும் முடியப்போகுது, இன்னும் ஒண்டும் வாயில வைக்கேல்லை. வயசு ஏழெட்டு மாசம் எண்டு வித்தவர் சொன்னவர். வந்த உடனை நிறுத்தபோது 34 கிராம், இப்ப 32. வால் இன்னும் மொத்தமாத்தான் இருக்கு, கழுத்தைவிட அகலம்.

பெட்டி பழைய மீன் தொட்டி, 60 × 30 × 30 சென்ரிமீற்றர், மேல கம்பி வலை மூடி. கீழ கிச்சின் ரிசு. இடப்பக்கம் தொட்டிக்கு அடியில ஹீற் மற் (கரண்டில சூடாகிற விரிப்பு), சூட்டைக் கட்டுப்படுத்துற தேர்மோஸ்ரற் இல்லை. அதுக்கு மேல ஒளிக்கிறதுக்கு ஒரு ஓட்டுத்துண்டு. மறுபக்கம் தண்ணிக் கிண்ணம் மட்டும். கண்ணாடியில ஒட்டின வெப்பமானி 31 பாகை செல்சியஸ் காட்டுது. இரவில அஞ்சாறு கிரிக்கெட் பூச்சி விட்டால் விடியவும் அப்பிடியே திரியுது. மீல்வேர்ம் புழுவையும் திரும்பிப் பாக்குதில்லை. ஒருக்கா மலம் போனது: காய்ஞ்ச கறுப்பு, நுனியில வாற வெள்ளைப் பகுதி மஞ்சளா இறுகிக் கிடந்தது. பகலில தண்ணிக் கிண்ணத்துக்குள்ளயே படுத்திருக்கு.

வாயைத் திறந்து ஊட்டலாமோ?

செம்பாட்டு ஓணான்

ஊட்டாதேங்கோ. 34இலயிருந்து 32 எண்டால் கிட்டத்தட்ட 6 வீதம். வாலில கொழுப்பு இருக்கிற, 30 கிராமுக்கு மேல வளர்ந்த கெக்கோவுக்கு அது பதறுற அளவில்லை. இடம் மாறினால் ஒண்டு ரெண்டு கிழமை சாப்பிடாமல் கிடக்கிறது வழமை. வலுக்கட்டாயமாத் திறந்தால் தாடை கிழியும், சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள்ள போகும், பிறகு பூச்சி பிடிச்சு நீட்டுற சாவணத்தைக் கண்டாலே ஓடும்.

நீங்கள் எழுதினதில எனக்கு முக்கியமாப் படுறது ரெண்டு விசயம். தண்ணிக்குள்ள படுக்குது. வெள்ளைப் பகுதி மஞ்சளா இறுகியிருக்கு. இது குளிரில சோர்ந்த கெக்கோ இல்லை தம்பி, வெக்கையில உடம்புத் தண்ணி வத்தின கெக்கோ. வெளிநாட்டுக் காணொளி எதைப் பாத்தாலும் "சூடு காணாது, கூட்டுங்கோ" எண்டுதான் சொல்லுவினம். அவை 18, 20 பாகை வீட்டுக்குள்ள இருந்து கதைக்கிறவை. எங்கட பக்கம் சித்திரை வைகாசியில வீட்டுக்குள்ள மத்தியானம் 31, 32 தானா நிக்கும், அஸ்பெஸ்ரஸ் கூரையெண்டால் இன்னும் மேல. அதில கட்டுப்பாடில்லாத ஹீற் மற்றையும் போட்டால், போய் ஆறுறதுக்குப் பெட்டியில மூலையே இல்லை. இந்தப் பிராணி ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின்ர வடமேற்கு எண்டு வறண்ட கல்லுப் பூமியில இருக்கிறது உண்மைதான். ஆனால் பகல் வெயிலில அது வெளிய நிக்கிறதில்லை. கல்லிடுக்கில கிடந்து, பொழுதுபடுற மைமல் நேரத்திலதான் வெளிக்கிடும்.

கண்ணாடியில ஒட்டின மானி காத்தைத்தான் அளக்கும். கெக்கோ சூடு எடுக்கிறது வயித்தால. வயர் நுனி உள்ள டிஜிற்றல் மானி ஒண்டு எடுங்கோ. நுனியை ஓட்டுக்குக் கீழ, ரிசுவுக்கு மேல, அது வயிறு வைச்சுப் படுக்கிற இடத்தில வைச்சு மத்தியானம் 2 மணிக்கும், இரவு 8க்கும், விடிய 5க்கும் பாருங்கோ. பிறகு மறுமுனைத் தரையிலயும் அப்பிடியே. சூட்டு ஒளிப்பிடத்துத் தரை 31–33 இருக்கவேணும். குளிர்முனை 24–27 எண்டு புத்தகம் சொல்லும். இங்க வெக்கை காலத்தில 28, 29 கிடைச்சாலே சமாளிக்கும். சூட்டுப் பக்கத் தரை 35ஐத் தாண்டினால் சாப்பாட்டை மறந்திடும், 40க்கு மேல வயித்துத் தோல் வேகும். மற் போட்டபடி ஒருக்கா அளந்திட்டு, கழட்டிப்போட்டு இன்னொருக்கா அளந்து எழுதுங்கோ. வயித்துப் பக்கம் சிவப்பு இருக்கோ எண்டும் பாருங்கோ.

வாடைக்காத்து

நான் பூச்சிப் பக்கத்தைச் சொல்லுறன். இரவு முழுக்கக் கிரிக்கெட்டை உள்ள விட்டிட்டுப் படுக்கவே கூடாது. பசிச்ச கிரிக்கெட் கெக்கோவின்ர கால்விரலையும் கண்ணிமையையும் கடிக்கும். கடி வாங்கின கெக்கோ ஒளிப்பிடத்தை விட்டு வெளிய வராது. நீங்கள் அதைப் "பசியில்லை" எண்டு எழுதுவியள்.

பின்னேரம் ஆறரைக்குப் பிறகு, றூம் லைற்றைக் குறைச்சிட்டு, ஒரே ஒரு பூச்சி விடுங்கோ. கிரிக்கெட்டின்ர பின் பெரிய கால் ரெண்டையும் கழட்டினால் மெதுவாத்தான் ஓடும், கெக்கோவுக்குப் பிடிக்கச் சுகம். பூச்சியின்ர நீளத்தைவிட அகலம்தான் கவனம்: கெக்கோவின்ர ரெண்டு கண்ணுக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடப் பெரிசா இருக்கக்கூடாது. 15 நிமிசம் பாருங்கோ, எடுக்கேல்லை எண்டால் பூச்சியைப் பிடிச்சு வெளிய போடுங்கோ. அடுத்த முயற்சி ரெண்டு நாள் கழிச்சு. ஒவ்வொரு இரவும் தொந்தரவு குடுத்தால் இன்னும் பின்னடிக்கும்.

மீல்வேர்மெண்டால் வழுக்குற கரை உள்ள, 2 சென்ரிமீற்றர் உயரக் கிண்ணம் நல்லது. போத்தல் மூடி உயரம் காணாது, ஏறிப் போயிடும். தோல் கழட்டின உடனை வெள்ளையாக் கிடக்கிற புழுவைத் தெரிஞ்சு வையுங்கோ. ஓடு மெத்து, செமிக்கும். அதையும் எடுக்கேல்லை எண்டால் ஒரு புழுவின்ர தலையை நசுக்கி, வாற சாறை மேலுதட்டில ஒரு சொட்டுத் தடவுங்கோ. நக்கும். நக்கிற நேரம் புழுவை முன்னால ஆட்டினால் சிலது கவ்வும். இது ஊட்டுறது இல்லை, வாய்க்குள்ள ஒண்டும் தள்ளாதேங்கோ.

பூச்சி எங்கத்தையான்? தோட்டக்காணியில பிடிச்சதெண்டால் நிப்பாட்டுங்கோ. வெங்காயம், மிளகாய், புகையிலைக்கு அடிச்ச மருந்து பூச்சியின்ர உடம்பிலதான் நிக்கும். மின்மினி ஒண்டு தின்னாலே பல்லியினத்துக்கு உயிர் போகலாம். யன்னலுக்குப் பக்கத்தில பெட்டி வைக்கிறவை யோசிக்கோணும்.

மூண்டாம் குறுக்கு

மணற்காட்டு மணல் ரெண்டு அங்குலம் போட்டு விடுங்கோவன், இயற்கையா இருந்தால் தானா சாப்பிடும். கல்சியம் தூளும் தேவையில்லை, எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு நிறைஞ்சுபோய்க் கிடக்கு.

செம்பாட்டு ஓணான்

ரெண்டும் சரிவராது அண்ணை. சாப்பிடாத கெக்கோ மலம் போகுதோ, எப்பிடிப் போகுது எண்டு பாக்கிறதுக்கே ரிசு வேணும். மணலில அது புதைஞ்சுபோகும். கல்சியம் குறைஞ்ச கெக்கோ மணலை வேணுமெண்டே நக்கும், குடல் அடைக்கும். நல்ல சுகமா இருக்கிற வளர்ந்த கெக்கோவுக்கு மண்ணும் களியும் கலந்து தட்டிப் போடுறதில பிழையில்லை, அது பிறகு.

கிணத்துத் தண்ணியின்ர சுண்ணாம்பு கிண்ணத்தில வெள்ளையாப் படியும். நாலு துளி நக்கிற பிராணிக்கு அது கணக்கிலயே வராது. பூச்சியில பொஸ்பரஸ் கூட, கல்சியம் குறைவு. அதைச் சரிக்கட்டத்தான் தூள். பொஸ்பரஸ் இல்லாத வெறும் கல்சியம் காபனேற்றுத் தூளைப் பூச்சியில பிரட்டிக் குடுக்கோணும். யூவி லைற் இல்லாத பெட்டியெண்டால் கிழமையில ரெண்டு தரம் விற்றமின் டி3 சேர்ந்தது. ஆனால் சாப்பாடு தொடங்கும்வரைக்கும் பூச்சியில தூள் வேண்டாம். மணம் பிடிக்காமல் துப்புறதும் இருக்கு. வெறும் கல்சியத்தை ஒரு சின்ன மூடியில பெட்டிக்குள்ள வையுங்கோ, வேணுமெண்டால் நக்கட்டும்.

கோண்டாவிலான்

அளந்தாச்சு. மற் போட்டபடி மத்தியானம் ஓட்டுக்குக் கீழ 41, மறுமுனை 32. கழட்டின பிறகு அதே நேரத்துக்கு ஓட்டுக்குக் கீழ 31, மறுமுனை 30. விடிய 5க்கு ரெண்டு பக்கமும் 27. வயிறு சிவக்கேல்லை. பின்கால் விரல் ரெண்டில பழைய தோல் வளையமா ஒட்டியிருக்கு. பூச்சி கடையில வாங்கினது. பெட்டி இருக்கிறது அலுமாரிக்கு மேல, கூரை அஸ்பெஸ்ரஸ்.

செம்பாட்டு ஓணான்

41 தான் காரணம். அதுக்கு இருந்த ஒரே ஒளிப்பிடம் அடுப்பு. வெளிய வந்தால் வெளிச்சம், ஆக்கள். தண்ணிக் கிண்ணம்தான் மிச்சம்.

முதல் வேலை பெட்டியை அலுமாரியிலயிருந்து இறக்கிறது. வெயில் படாத சுவரோரம், சீமெந்து நிலத்தில வையுங்கோ. அஸ்பெஸ்ரஸுக்குக் கிட்ட இருந்ததுக்கும் நிலத்துக்கும் ரெண்டு மூண்டு பாகை வித்தியாசம் வரும். மத்தியானத்தில இன்னும் 30 காட்டினால் தண்ணி உறைஞ்ச ஒரு போத்தலைத் துவாயில சுத்தி, குளிர்முனைப் பக்கம் வலைக்கு மேல வையுங்கோ, பெட்டிக்குள்ள வேண்டாம். மூண்டு பக்கக் கண்ணாடியையும் வெளியில பேப்பரால மறையுங்கோ.

பிறகு ஒளிப்பிடம். ஒண்டு காணாது, மூண்டு வேணும். குளிர்முனைக்கு ஒரு பெரிய சிரட்டை எடுத்து, விளிம்பில 4 சென்ரிமீற்றர் அகலத்துக்கு வாசல் வெட்டி, வெட்டின விளிம்பின்ர கூர்மையை அரத்தால தேய்ச்சுக் கவிழ்த்து வையுங்கோ. உள்ளுக்கு முதுகு முட்டுற அளவு ஒடுக்கமா இருந்தால்தான் அதுக்கு நிம்மதி. நடுவில ஈர ஒளிப்பிடம்: மூடியுள்ள ஐஸ்கிறீம் டப்பாவில ஓட்டை வெட்டி, ஈரத் தும்புத்தூளோ ஈர ரிசுவோ உள்ள. பிழிஞ்சால் தண்ணி சொட்டக்கூடாது. ஊர்க் காத்திலயே ஈரம் கூடத்தானே எண்டு சிலர் இதை விடுறவை. தோல் கழருறதுக்கு அது காணாது. அதேநேரம் பெட்டி முழுக்க ஈரமா இருந்தால் நெஞ்சுச் சளி பிடிக்கும், ஆனபடியால் ஈரம் டப்பாவுக்குள்ள மட்டும். ரிசுவை ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்துங்கோ, பூஞ்சணம் கெதியா வரும்.

விரல் தோலை இப்ப எடுக்கோணும், விட்டால் இரத்தம் ஓடாமல் விரல் நுனி கறுத்து விழும். 30 பாகைத் தண்ணி, வயிறு நனையிற உயரம், 10 நிமிசம். பிறகு ஈரமான கொட்டன் பட்டால விரல் அடியிலயிருந்து நுனிக்கு உருட்டுங்கோ. இழுக்காதேங்கோ, வராட்டில் அடுத்த நாள். அந்தக் குளியலில தண்ணியும் குடிக்கும், மலமும் போகக்கூடும். அதைத் தவிரக் கிழமைக்கு ஒருக்கா நிறுக்க மட்டும் தொடுங்கோ.

தேர்மோஸ்ரற் வாங்காமல் ஹீற் மற்றைத் திருப்பிப் போடாதேங்கோ. வாங்கினாலும் தேர்மோஸ்ரற்றின்ர வயர் நுனியை ஓட்டுக்குக் கீழத் தரையில இறுக்கி ஒட்டுங்கோ. நுனி கழண்டு குளிர்ப் பக்கம் விழுந்தால் அது "குளிர்" எண்டு நினைச்சு ஹீற் மற்றை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும், திரும்ப 41. செற் பண்ணுறது 32.

பேராதனைப் பக்கம்

சூடு சரியாகி ஒரு வாரத்தில் சாப்பிடத் தொடங்கினால் இந்த இழை இங்கேயே முடியும். தொடங்காவிட்டால் எப்போது மிருக வைத்தியரிடம் போவது என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

நிறை முதல் அளவிலிருந்து 10 வீதம் குறைவது எல்லை. உங்கள் கெக்கோவுக்கு அது 30.6 கிராம். ஒரு கிராம் காட்டும் சமையல் தராசில் இதைப் பிடிக்க முடியாது, 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். நிறை எப்படி இருந்தாலும் தின்றதைக் கக்குதல், தண்ணியாக அல்லது சளியுடன் மலம் போதல், கண் குழிதல், வாயைத் திறந்தபடி மூச்சு விடுதல், வயிறு உப்பி மலம் வராமல் முக்குதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். 15 கிராமுக்குக் குறைந்த குஞ்சுகளுக்கு இந்தப் பொறுமை பொருந்தாது, அவற்றுக்குச் சில நாட்களே அவகாசம்.

போகும்போது மலத்தைக் கொண்டு போங்கள். அன்றைக்கே போன மலம், ஈரம் காயாமல் சிறு மூடிப் போத்தலில், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில். உறைய விடக்கூடாது. முன்கூட்டியே தொலைபேசியில் நுணுக்குக்காட்டி வசதி உண்டா என்று கேளுங்கள். ஊர்ப் பக்கத்து வைத்தியர்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, நாய் பார்ப்பவர்கள். கொக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியும் குடற்புழு முட்டையும் சாதாரணப் பரிசோதனையிலேயே தெரியும். வால் குச்சியாகி மலமும் இளகினால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு விசேட சாயமோ பிசிஆர் சோதனையோ தேவை, பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தில் விசாரிக்கலாம். கடையில் விற்கும் ஆட்டுப் பூச்சி மருந்தைத் துளி கணக்கில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். 32 கிராம் உடம்புக்கு அந்தத் துளியே நஞ்சு.

இன்னொன்று: சுவர்ப்பல்லி. வலை மூடிக்கு மேலே இரவில் ஓடி எச்சமிடும், அது நேரே தண்ணீர்க் கிண்ணத்தில் விழும். ஒட்டுண்ணி வரக்கூடிய வழி அது. மூடிக்கு மேல் காற்றுப் போகும் மெல்லிய துணி ஒன்று போடுங்கள். இறக்குமதி அனுமதிப் பத்திரத்தின் பிரதியையும் விற்றவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள், வைத்தியருக்கும் வயது, வந்த இடம் தெரிய உதவும்.

கோண்டாவிலான்

நன்றி எல்லாருக்கும். பெட்டி நிலத்துக்கு வந்திட்டுது, இப்ப மத்தியானம் மறுமுனை 28. பகலில சிரட்டைக்குள்ள கிடக்கு, தண்ணிக்குள்ள படுக்கேல்லை. நேற்று மைமலில தலையை நீட்டி மீல்வேர்ம் கிண்ணத்தைப் பாத்துக்கொண்டு நிண்டது, எடுக்கேல்லை. நிலத்தில வைச்சதால மீல்வேர்ம் பெட்டிக்கு எறும்பு வருது, என்ன செய்யலாம்? மார்கழியில கரண்ட் போனால் ஹீற் மற்றுக்குப் பதிலா என்ன?

வாடைக்காத்து

பாத்துக்கொண்டு நிக்கிறது நல்ல அடையாளம். ரெண்டு நாள் விட்டு அடுத்தது.

எறும்புக்கு மருந்து, சோக் ஒண்டும் அடிக்காதேங்கோ, பூச்சியும் சாகும் கெக்கோவும் சாகும். மீல்வேர்ம் டப்பாவை ஒரு தட்டில தண்ணி விட்டு, நடுவில கல்லு வைச்சு அதுக்கு மேல வையுங்கோ. தண்ணியில ஒரு துளி சவர்க்காரம் விட்டால் எறும்பு மிதந்து கடக்காது. டப்பா சுவரில முட்டக்கூடாது. உள்ள கோதுமைத் தவிடு 3 சென்ரிமீற்றர், ஈரத்துக்குக் கரட் துண்டு. குடுக்கிறதுக்கு முதல்நாள் முருங்கையிலையும் போடுங்கோ. கரட் பூஞ்சணம் பிடிக்க முதல் மாத்தோணும். கெக்கோ பெட்டிக்குள்ள செத்த பூச்சி கிடந்தாலும் எறும்பு வரும், நித்திரையில கிடக்கிற கெக்கோவின்ர கண்ணைத்தான் முதல் கடிக்கும். விடிய எழும்பினால் அதைத்தான் முதல் பாக்கோணும்.

வாடை காலத்தில ராத்திரி 22, 23 வரும், அது ஒண்டும் செய்யாது. பிரச்சினை சாப்பிட்ட பிறகு சூடு இல்லாமல் போறது: வயித்துக்குள்ள பூச்சி செமிக்காமல் அழுகும். கரண்ட் நிக்குமெண்டு தெரிஞ்ச நாளில சாப்பாடு குடுக்காதேங்கோ. குடுத்த பிறகு நிண்டால், சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில ரெண்டு சுத்துச் சுத்தி, ஓடு இருக்கிற பக்கத்துக் கண்ணாடியோட வெளியில சாத்தி வையுங்கோ. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா தண்ணியை மாத்தினால் காணும்.