தொடக்கப் பள்ளி ஓவிய வகுப்பு: அச்சுப் படத்துக்கு வண்ணம் தீட்டுவதைத் தவிர வேறென்ன செய்யலாம்?

வண்ணத்தூரிகை:
தென்காசி மாவட்டத்தில் திருச்சபை நடத்தும் தொடக்கப் பள்ளி ஒன்றில் இந்தக் கல்வியாண்டு முதல் ஓவிய வகுப்பையும் சேர்த்துக் கவனித்து வருகிறேன். 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளை, 40 நிமிடம். வகுப்புக்கு ஏறத்தாழ 35 பிள்ளைகள். வேதாகமக் கதைப் படங்களை நகலெடுத்துக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்வதே இதுவரை இருந்த வழக்கம். பிள்ளைகள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த தாளைக் கேட்கிறார்கள். 35 தாள்களிலும் ஒரே நோவாதான் நிற்கிறார். அதிகச் செலவில்லாமல், கையால் செய்து பார்க்கக்கூடியதாக, கிறிஸ்துமஸ் வரை கொண்டுசெல்லத்தக்க சில பணிகளைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்து, இஸ்லாமியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

பனையடி:
சகோதரி, ஒரே கதையை எடுத்துக்கொண்டு அதை எல்லா வகுப்புகளுக்கும் பங்கிட்டுக் கொடுங்கள். எனக்குக் கைகொடுத்தது, ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டு இயேசு பெருங்கூட்டத்துக்கு உணவளித்த கதை. யோவான் நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் அப்பத்தைக் கொண்டுவருபவன் ஒரு சிறுவன் என்பதாலேயே பிள்ளைகள் அதில் ஒட்டிக்கொள்கிறார்கள். மீந்தவை 12 கூடைகள் நிறைந்தன அல்லவா, அந்தக் கூடைகளை 4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகள் தென்னை ஓலையில் முடையட்டும். ஈர்க்கை நீக்கிய ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைக்காவிட்டால் மறுநாளே சுருண்டு ஒடியத் தொடங்கும். பனையோலை இன்னும் உறுதியானதுதான். ஆனால் மட்டையின் கருக்கு கையைக் கிழிக்கும் என்பதால் ஓலையை மட்டும் நறுக்கிக் கொண்டுவர வேண்டியது உங்கள் பொறுப்பு.

1, 2-ஆம் வகுப்புகளுக்கு ஓலை வேண்டாம். தாளை இரண்டாக மடித்து, மடிப்பிலிருந்து வெட்டுகள் போட்டு விரித்துக் கொடுத்தால், வண்ணப் பட்டைகளை மேலும் கீழுமாக நுழைத்துப் பின்னிவிடுவார்கள். முதல் பட்டை மேலே தொடங்கினால் இரண்டாவது கீழே தொடங்க வேண்டும்; பாதிப் பிள்ளைகள் இதைத் தவறவிட்டு, பட்டை உருவிக்கொண்டு வருவதைப் பார்த்துத் தாங்களே திருத்திக்கொள்வார்கள். அதற்குமுன் சொல்லிக் கொடுத்து அந்தக் கண்டுபிடிப்பைக் கெடுத்துவிடாதீர்கள்.

அப்பமும் மீனும் 3-ஆம் வகுப்பின் பங்கு. குளத்துக் களிமண் போதும். விரல் கனத்துக்கு மேல் போனால் காயும்போது வெடிக்கும். வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்துங்கள். கரண்டி நுனியை வரிசையாக அழுத்தினால் மீனுக்குச் செதில் வந்துவிடும்.

கிடைக்காவல்:
கிறிஸ்துமஸுக்கு ஒரு யோசனை. லூக்கா நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்து மேய்ப்பர்கள், இயேசு பிறந்த இரவில் வெட்டவெளியில் தங்கி மந்தையைக் காத்தார்கள். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவதைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது அறிமுகமான காட்சிதான். ஆனால் வரையச் சொன்னால், அச்சுப் படத்தில் கண்ட பனிமலையையும் ஊசியிலை மரத்தையுமே வரைகிறார்கள். கோவாவில் 1902-இல் பிறந்த ஏஞ்சலோ த ஃபொன்சேகா என்னும் ஓவியர் மரியாளைச் சேலை உடுத்திய இந்தியப் பெண்ணாகவே வரைந்தார்; அவருடைய ஓவியம் ஒன்றிரண்டை முதலில் காட்டிவிட்டு, "நம் ஊர்க் கிடையில் அந்த இரவு எப்படி இருந்திருக்கும்?" என்று கேளுங்கள். கயிற்றுக் கட்டில், கம்பளி, காவல் நாய் எல்லாம் தாமாக வந்துசேரும்.

வானத்துக்கு ஒரு எளிய வழி உண்டு. வெள்ளை மெழுகுவர்த்தித் துண்டால் கெட்டியான தாளில் விண்மீன்களை அழுத்தி வரையச் செய்து, மேலே நீர் கலந்த நீல வண்ணத்தைப் பூசச் சொல்லுங்கள். மெழுகு நீரை ஏற்காததால் அதுவரை கண்ணுக்குத் தெரியாத விண்மீன்கள் வெள்ளையாக எழும். ஆலயத்தில் எரிந்து மீந்த மெழுகுவர்த்திகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், செலவே இல்லை.

சாளரம்:
இஸ்லாமியப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஈசா நபி என்று அவர்கள் அழைக்கும் இயேசுவும் அவர்களுக்கு இறைத்தூதர். நபிமார்களின் உருவத்தை வரைவதைப் பல குடும்பங்கள் விரும்புவதில்லை. எனவே யாரையும் தனியே பிரித்துக் காட்டாமல், வகுப்பு முழுவதற்கும் அப்பம், படகு, ஆடு, விண்மீன் என்று பொருள்களையே கொடுப்பது நல்லது. மேலே இருவரும் சொன்னவற்றில் இந்தச் சிக்கல் எழவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஆலயச் சாளரத்து வண்ணக் கண்ணாடியையும் செய்து பார்க்கலாம். மெல்லிய வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகளைத் தடிப்பாக வரைந்து, இடைவெளிகளை மெழுகு வண்ணக்கட்டியால் நெருக்கமாக நிரப்பி, தாளின் பின்புறத்தில் பஞ்சால் தேங்காய் எண்ணெயைத் தடவினால் ஒளி ஊடுருவும். உண்மையான சாளரத்தில் கண்ணாடித் துண்டுகளைப் பிணைக்கும் ஈயப் பட்டைகளே அந்தக் கறுப்புக் கோடுகள் என்று சொல்லுங்கள். எண்ணெய்க் கையைத் துடைக்கப் பழைய செய்தித்தாளை எடுத்துவைக்க மறவாதீர்கள். நான் மறந்து, சீருடைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

வண்ணத்தூரிகை:
மூவருக்கும் மிக்க நன்றி. கூடையில் தொடங்கி விண்மீனில் முடிக்கலாம் என்றிருக்கிறேன். ஒரே ஓர் ஐயம்: பெற்றோர் வரும் நாளில் எல்லாம் அழகாக இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியை எதிர்பார்க்கிறார். கோணலாக வரும் கூடைகளை நான் திருத்திக் கொடுக்கலாமா?

பனையடி:
வேண்டாம் சகோதரி. கோணல் கூடையைக் கோணலாகவே வைத்து, அடியில் பிள்ளையின் பெயரை எழுதுங்கள். பெரியவர் கை பட்டதைப் பெற்றோர் பார்த்தவுடனேயே கண்டுகொள்வார்கள். 12-இல் ஒன்று குறைந்துபோனால் மட்டும் நீங்கள் ஒன்றை முடைந்து சேருங்கள். எண்ணிப் பார்க்காமல் பிள்ளைகள் விடமாட்டார்கள்.